காலும் கையும் கேட்கக் கற்கட்டும்

(பொன்விழா ஆண்டில் பாடகர் குழுவினரும் இளையோரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழாக் குழுவினர் இசையையும் இறைமக்களையும் பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பொருளோ பெரியது; கொடுத்த நேரமோ அரை மணி. ஆகவே அந்தப் பெரிய பொருளின் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்த மூலை நம் கோவிலில் பாடகர் குழுவின் நாற்காலிகளுக்குப் பின்னால், பழைய போர்வை ஒன்றால் மூடப்பட்டுக் கிடக்கிறது. ஆம், டிரம் செட்டைத்தான் சொல்கிறோம்.

அந்தப் போர்வையைப் பற்றி இரு கட்சிகள் உண்டு என்பது எல்லாரும் அறிந்ததே. "இது கோவிலா, கச்சேரி மேடையா? நற்கருணை வாங்கும் நேரத்தில் நெஞ்சு அதிர்கிறது" என்கிறார்கள் பெரியவர்கள். "கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் வருகிற தாளத்துக்குப் பாட எங்களுக்கு மனமில்லை" என்கிறார்கள் இளைஞர்கள். இந்த வழக்கு நீண்டுகொண்டே போனதில், டிரம்ஸ் வாசித்து வந்த தம்பிகளில் இருவர் பாடகர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டனர். போர்வைக்கு அடியில் கிடப்பது தோலும் தகடும் மட்டுமல்ல என்பதால்தான் இன்று இதைப் பேசத் துணிந்தோம்.

யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. டிரம்ஸில் நல்ல தாளம் என்பது என்ன, அது ஒருவன் கையில் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தீர்ப்பு தானாகவே வந்து சேரும் என்று நம்புகிறோம்.

திருச்சபை சொல்வது

முதலில் பெரியவர்களின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1903ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணையில், பியானோவையும், முரசு, கைத்தாளம் போன்ற ஓசை மிகுந்த கருவிகளையும் கோவிலில் தடை செய்தார். நம் தாத்தாக்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. குழல் ஆர்கனுக்கு முதல் மரியாதை தந்த அதே சாசனம், பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. அக்கருவி புனிதப் பயனுக்குத் தகுதியாக இருக்க வேண்டும், ஆலயத்தின் மாண்புக்கு இசைய வேண்டும், மக்களின் பக்தியை உண்மையாகவே வளர்க்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். ஒப்புதல் தரும் பொறுப்பு உரிய அதிகாரிகளுடையது. தங்களுக்கென்று இசை மரபு உடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்றும் அது கூறிற்று. 150ஆம் திருப்பாடலில் முரசுக்கும் கைத்தாளத்துக்கும் இடம் இருப்பதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம்.

ஆகவே இன்றைய கேள்வி கருவியைப் பற்றியதன்று. வாசிக்கும் விதத்தைப் பற்றியது. அந்த விதத்துக்கு வருவோம்.

தடம் என்னும் சொல்

டிரம்ஸ் வாசிப்பவர்கள் 'குரூவ்' என்றொரு சொல்லை அடிக்கடி சொல்வார்கள். அச்சொல்லுக்கு முதற்பொருள் பள்ளமான தடம். பழைய இசைத்தட்டில் ஊசி ஓடிய வரிப்பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி தடத்தில் இருக்கும்வரை பாட்டு உண்டு. தடத்தை விட்டுத் துள்ளினால் பாட்டு இல்லை. டிரம்ஸில் காலும் கையும் சேர்ந்து, பாடுகிறவரும் கேட்கிறவரும் இறங்கி நடக்கும்படி ஒரு தடத்தைப் போட வேண்டும். அதுதான் குரூவ். நம் சங்கீதக்காரர்கள் 'நடை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டை எத்தனையாகப் பகுக்கிறோம் என்பதை அது குறிக்கும். எனினும் சாதாரணப் பேச்சில் அதன் பொருளைப் பாருங்கள். ஆளுக்கு ஆள் நடை வேறு. தூரத்தில் வருகிறவரை முகம் தெரியும் முன்பே நடையைக் கொண்டு அடையாளம் காண்கிறோம். நல்ல தாளமும் அப்படியே. அதில் ஒழுங்கும் உண்டு, ஆளும் உண்டு.

டிரம் செட் மிகப் பழைய கருவியன்று. முன்பு பெரிய முரசை ஒருவர், சிறிய முரசை ஒருவர், தாளத்தகட்டை ஒருவர் என மூவர் வாசித்தார்கள். அமெரிக்காவில் லட்விக் என்பவர் 1909ல் பெரிய முரசைக் காலால் அடிக்க ஏற்ற மிதியைச் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்த பின், ஒருவரே மூவர் வேலையையும் செய்வது எளிதாயிற்று. இடக்காலால் மூடித் திறக்கும் ஹை-ஹேட் 1920களில் உருவாயிற்று. நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டியதை நான்கு உறுப்புகள் சேர்ந்து செய்கின்றன. ஆகவே டிரம்ஸ்காரர் தமக்குள்ளேயே ஒரு பாடகர் குழுவை நடத்துகிறவர். காலை மீறிக் கை போனால், ஆல்ட்டோ பாடுகிறவர் சொப்ரானோவை மீறிப் பாடியது போலத்தான்.

நம் ஊரில் இந்தத் தடம்

இந்தக் கருவியைச் சென்னை தன்னுடையதாக்கிக் கொண்ட கதையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். எம்.எஸ்.விஸ்வநாதன் அவர்களின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் நோயல் கிராண்ட். இளையராஜா அவர்களின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர் 2020ல் மறைந்த புருஷோத்தமன். அந்நாட்களில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து இசைத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே டிரம்ஸ்காரருக்கு முதல் தகுதி அசையாமை. புதுமை அதற்குப் பிறகுதான்.

1959ல் பிறந்த சிவமணி, டிரம்ஸ் வாசித்த தந்தையின் மகனாக ஏழு வயதிலேயே கையில் குச்சி எடுத்தவர். நோயல் கிராண்டையும், அமெரிக்க ஜாஸ் கலைஞர் பில்லி கோபமையும் தமக்கு ஊக்கம் தந்தவர்களாகச் சொல்பவர். டிரம்ஸோடு கடமும் உடுக்கையும், ஏன், தண்ணீர்க் குடுவையும் பயணப் பெட்டியும்கூட அவர் கையில் வாத்தியமாகின்றன. 2019ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எதைத் தட்டினாலும் அதன் குரலை முதலில் கேட்டுக்கொள்கிறார் என்பதே அவரிடம் நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம். பெட்டியை வாங்கிவிடலாம், அந்தக் காதை வாங்க முடியாது.

காது என்றதும் மயிலாப்பூரைச் சொல்லாமல் விட முடியாது. மார்கழியில் நம் சபாக்களில் ஒலிக்கும் மிருதங்கத்தைச் செய்யும் கைகளில் பல, நம்மைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்துக் கைகள். தஞ்சையிலிருந்து தொடரும் அந்தக் குடும்பங்களின் வரலாற்றை, டி.எம்.கிருஷ்ணா 2020ல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற ஆங்கில நூலில் எழுதியிருக்கிறார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அவர்களைப் பற்றியும் அதில் படிக்கலாம். வித்வான் மேடையில் தட்டுவதற்கு முன்பே, தோலை இழுத்துக் கட்டி, தட்டிப் பார்த்து, நாதம் சேரும்வரை காத்திருந்த காது ஒன்று உண்டு. அந்தக் காதுக்கு உரியவர்கள் தலித் மக்கள் என்பதால், அவர்களுக்கு உரிய மதிப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. பறை என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்களே, அந்தச் சுளிப்பின் வேர் இசையில் இல்லை, சாதியில் இருக்கிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டுப்புற மெட்டையும் தாளத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்து, அந்தச் சுளிப்புக்கு விடை கூறினார். நாமும் கோவிலில் எந்த ஓசையையாவது வேண்டாம் என்னும்போது, அது உண்மையிலேயே ஜெபத்துக்கு இடையூறு என்பதாலா, வேறு எதனாலா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்படிப் பழகுவது

இளைஞர்களே, இனி உங்களுக்கு. "புதிதாக ஏதாவது வாசிக்க வேண்டும், ஆனால் கையில் எப்போதும் அதே நான்கு அடிதான் வருகிறது" என்று நீங்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறோம். குருமடத்தில் நமக்கு வாய்த்த சிறிது இசைப் பயிற்சியையும், வாசிப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, வாயால் சொல்லுங்கள். நம் நாட்டில் மிருதங்கம் கற்கும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகியே கையில் கொண்டு வருகிறது. வாயில் வராதது கையில் வராது. நான்கு தட்டுப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' சொல்லுங்கள். பதினாறு சிற்றடிகள் கிடைக்கும். வலக்கை ஹை-ஹேட்டில் ஒவ்வொரு 'த'விலும் 'தி'யிலும் விழட்டும். வலக்கால் பாஸ் டிரம்மில் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் விழட்டும். இடக்கை ஸ்நேரில் இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் விழட்டும். உலகெங்கும் கோடிப் பாட்டுகளைத் தாங்கி நிற்கும் அடி இதுவே. இதை இகழாதீர்கள். செல்போனில் மெட்ரோனோம் வைத்து, நிமிடத்துக்கு அறுபது தட்டு என்ற வேகத்தில், பத்து நிமிடம் அசையாமல் வாசித்துப் பாருங்கள். வேகமாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரு கைகளையும் அப்படியே விட்டுவிட்டு, மூன்றாம் தட்டின் 'த'வில் விழ வேண்டிய காலடியை, அதற்கு முந்திய 'மி'க்கு இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு சிற்றடி முந்தியது; ஆனால் முழு நடையும் முன்னே சாய்ந்துவிடும். அடுத்த நாள் காலைப் பழைய இடத்தில் நிறுத்தி, இடக்கையை மாற்றுங்கள். இப்படி ஒவ்வொரு உறுப்பாக மாற்றினால் ஒரு மாதத்தில் உங்கள் சொந்த அடிகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிறவருக்கு எது நன்றாக இருந்தது என்றே தெரியாமல் போகும்.

மூன்றாவது, பதினாறைப் பல விதமாகப் பகுத்துப் பாருங்கள். இதில் நம் மரபு பெருஞ்செல்வம் வைத்திருக்கிறது. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி, ஒன்பதுக்குத் தகதிமிதகதகிட என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான்கு 'தகிட'வும் ஒரு 'தகதிமி'யும் சேர்த்தால் பதினாறு. ஏழும் ஒன்பதும் சேர்த்தாலும் பதினாறு. ஸ்நேர் தன் இடத்தில் நிற்க, காலைத் தகிட தகிட என்று ஓடவிட்டுத் தகதிமியில் வீடு சேருங்கள். மேல்நாட்டு டிரம்ஸ்காரர்கள் இந்தக் கணக்கைக் கற்க நம் வித்வான்களைத் தேடி வருகிறார்கள். நாமோ வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம்.

நான்காவது, மெல்ல அடிக்கவும் அடிக்காமல் விடவும் பழகுங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபில்ஃபீல்டு, 1969ல் பதிவாகி 1970ல் வெளிவந்த ஒரு பாட்டில் சில விநாடிகள் தனியே வாசித்தார். பிற்காலத்தில் எண்ணற்ற இசைப்பதிவுகளில் அந்தச் சில விநாடிகளை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அதில் பேரிரைச்சல் இல்லை. உரத்த இரண்டு அடிகளுக்கு நடுவே, ஸ்நேரில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் விழும் நிழல் போன்ற சிற்றடிகளே அதன் உயிர். மிருதங்கத்தில் இடக்கை எழுப்பும் கும்கியைக் கேட்டவர்களுக்கு இந்த இரகசியம் புதிதன்று. விட்டுவிடும் இடத்துக்கு நம்மவர் 'கார்வை' என்று பெயர் வைத்தார்கள். மௌனமும் தாளத்தின் ஒரு பகுதி என்பதால்தான் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்.

ஐந்தாவது, தெருவைக் கேளுங்கள். நம் பகுதியில் வாழ்கிறவனுக்குத் தாளப் பஞ்சம் உண்டா? பங்குனியில் மாடவீதியில் தவில், செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா, தேர்ப்பவனியில் பேண்டு வாத்தியம், குப்பத்துச் சாவு வீட்டில் பறை, கல்யாண வீட்டில் மூன்று மூன்றாகத் துள்ளும் டப்பாங்குத்து. கேட்டதை இரவில் வாயால் சொல்லிப் பாருங்கள். மறுநாள் காலுக்கும் கைக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். தவிலின் ஒரு சொல்லை ஸ்நேருக்கும் பாஸ் டிரம்முக்கும் பிரித்துக் கொடுத்தால், அது காணொளி பார்த்துக் காப்பியடித்த அடியாக இராது. உங்கள் ஊர் அடியாக இருக்கும்.

கடைசியாக, 'ரோல்' பற்றி ஒரு சொல். பெரியவர்களின் புகாரில் பாதி இதைப் பற்றியதுதான். அடிக்கு அடி உருட்டினால் பாட்டின் சொல் மக்கள் வாயில் தங்காது. சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில் ஒன்று போதும். அதுவும் எடுப்பில் சரியாக வந்து விழ வேண்டும். மேலும், நம் கோவில் கூரை உயர்ந்தது, சுவர் கெட்டியானது; ஒரு அடி விழுந்தால் அதன் எதிரொலி அடுத்த அடியின் மேல் ஏறிவிடும். மைதானத்தில் வாசித்த அதே பலத்தில் இங்கே வாசித்தால் தாளம் கூழாகிவிடும். பிரஷ் என்னும் கம்பிக் குச்சியைப் பயன்படுத்துங்கள்; அல்லது காஹோன் என்ற மரப்பெட்டியில் அமர்ந்து கையால் தட்டுங்கள். அப்பெட்டி, பெரு நாட்டில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சரக்குப் பெட்டிகளைத் தட்டித் தட்டி உருவாக்கிய வாத்தியம். கையில் கிடைத்ததைக் கொண்டு தடம் போட்டவர்கள் அவர்கள்.

இயந்திரம் செய்ய முடியாதது

இப்போது பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். கீபோர்டுக்குள் இருக்கும் தாளம் அமைதியாக இருக்கிறது, சண்டை போடுவதில்லை, ஒத்திகைக்குத் தாமதமாக வருவதில்லை என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அதற்குக் காது இல்லை.

காணிக்கைப் பாடலை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் பாடும் பாட்டிமார் மூச்சு வாங்கச் சற்று நிற்பார்கள். ஊர்வலம் இன்னும் பீடத்தை அடையவில்லை என்றால் இன்னொரு சரணம் பாட வேண்டியிருக்கும். ஒரு வரியில் மக்கள் உள்ளம் உருகித் தாமதிப்பார்கள். இயந்திரம் இதில் எதையும் கவனிப்பதில்லை. வைத்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மக்கள் பாட்டை விட்டுவிட்டு அதைத் துரத்துவார்கள். சிறிது நேரத்தில் துரத்துவதையும் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பாடுகிற சபை கேட்கிற சபையாக மாறுவது இப்படித்தான். டிரம்ஸ்காரத் தம்பியோ பாட்டியின் மூச்சைக் கேட்டுக் கையைத் தாழ்த்த முடியும். அப்படித் தாழ்த்தக் கற்றுக்கொண்ட நாளில்தான் அவர் உண்மையில் படைப்பாற்றல் உள்ள கலைஞர் ஆகிறார். புதிது புதிதாக அடிப்பது மட்டும் படைப்பாற்றல் அன்று. இந்த மக்களுக்கு, இந்த நேரத்துக்கு, எந்த அடி வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பெரிய படைப்பாற்றல்.

ஆனால் அந்தக் கலைஞரை யாரும் கடையிலிருந்து கொண்டு வர முடியாது. அவர் நம் நடுவில் தவறித் தவறித்தான் வளர வேண்டும். பகலெல்லாம் இரு சக்கர வண்டியில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு ஒத்திகைக்கு வரும் பிள்ளை நம் பங்கில் உண்டு. அவருக்கு வீட்டில் டிரம் செட் வைக்க இடமில்லை; அண்டை வீட்டார் விடவும் மாட்டார்கள். கோவிலும் போர்வையைப் போட்டு மூடிவிட்டால் அவர் எங்கே போவார்?

செய்ய வேண்டியவை

ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து பேசி, பொன்விழாவை முன்னிட்டு மூன்று காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம்.

ஒன்று: செவ்வாய், வியாழன் மாலைகளில் பங்கு மண்டபம் தாளப் பயிற்சிக்காகத் திறந்திருக்கும். டிரம் செட் அங்கே இருக்கும். கற்க விரும்பும் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும், தாராளமாக வரலாம். இரவு ஒன்பதுக்கு ஓசை நிற்கும். அண்டை வீட்டாருக்கு நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டு: பொன்விழாத் திருப்பலியில் கீபோர்டின் தாளப் பொத்தான் அமுக்கப்படாது, நம் பிள்ளைகளே வாசிப்பார்கள். வருகைப் பாடலுக்கும் நன்றிப் பாடலுக்கும் டிரம்ஸ். காணிக்கைப் பாடலுக்குப் பிரஷ் அல்லது காஹோன். நற்கருணைக்குப் பின் மௌனம். தவக்காலத்தில் எந்த வாத்தியமும் பாட்டைத் தாங்க மட்டுமே.

மூன்று: ஒத்திகையில் டிரம்ஸ்காரருக்கு எதிரே பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். பாட்டின் சொல் தமக்குக் கேட்கவில்லை என்றால் கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் தம்பி குறைத்து வாசிக்க வேண்டும். கையைக் காரணமின்றி உயர்த்தக் கூடாது என்று பெரியவரையும் வேண்டிக்கொள்கிறோம்.

வராமல் நின்றுபோன இரு தம்பிகளின் வீட்டுக்கும் நாம் இந்த வாரமே போகிறோம். பாடகர் குழுவினர் யாரேனும் நம்முடன் வந்தால் மகிழ்வோம். அந்தப் போர்வையை ஞாயிறு மாலை எடுத்துத் துவைத்து மடித்துவைக்குமாறு கோவில்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம்.

ஆண்டவர் உங்கள் கைகளையும் கால்களையும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் காதுகளையும் ஆசீர்வதிப்பாராக.